பேய் பிடித்த விண்டோ: அட்டாரி நாட்குறிப்பு

பிப்ரவரி 3
அட்டாரி எஸ்டியில் (1980-களின் வீட்டுக் கணினி) விண்டோவை மவுஸால் இழுக்கும் என் நிரல் இன்று ஓடியது. நடுங்கியது என்பதே சரி. பழைய இடத்தை அழித்துப் புது இடத்தில் வரைவதற்குள் படத்தை வரிவரியாகத் தீட்டும் திரையின் எலக்ட்ரான் கற்றை அந்த வழியாகப் போய்விடுகிறது. அழித்த வெற்றிடம்தான் மினுக்கலாகத் தெரிகிறது.

பிப்ரவரி 4
வெர்ட்டிகல் பிளாங்க் (கற்றை கீழே முடித்து மேலே திரும்பும் இடைவேளை) வரும்வரை காத்திருந்து வரைந்தேன். சின்ன விண்டோ அசையாமல் நிற்கிறது. பெரிதாக்கினால் கீழ்ப்பாதி கிழிகிறது.

பிப்ரவரி 7
சரி, இரண்டு திரைகள். ஒவ்வொன்றும் 32,000 பைட். மறைந்திருக்கும் திரையில் வரைந்துவிட்டு வீடியோ முகவரியை (காட்ட வேண்டிய திரை நினைவகத்தில் தொடங்கும் இடம்) மாற்றினால் போதும். ஆனால் முகவரியின் கடைசி பைட்டை எழுத எஸ்டியில் இடமே கிடையாது (அடுத்து வந்த எஸ்டிஇ மாடலில் உண்டு). திரை 256-இன் மடங்கில்தான் தொடங்க வேண்டும். அதை மறந்து, படம் ஏன் தள்ளி நிற்கிறது என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8
மினுக்கல் போனது, பேய் வந்தது. விண்டோ போன வழியெல்லாம் அதன் ஓரத் துணுக்குகள். அழிக்க வேண்டியதை அழித்துக்கொண்டுதானே இருக்கிறேன்?

அப்புறம்தான் உறைத்தது. நான் அழித்தது விண்டோ கடைசியாக இருந்த இடத்தை. கையில் இருக்கும் திரையோ இரண்டு ஃபிரேம் (திரை ஒருமுறை காட்டும் முழுப் படம்) பழையது. அதில் விண்டோ அதற்கும் முந்தைய இடத்தில் நிற்கிறது! ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகப் பழைய இடத்தைக் குறித்துவைத்தேன். நாலே வரி.

பிப்ரவரி 9
தொடவில்லை.

பிப்ரவரி 11
கணக்குப் போட்டேன். 8 மெகாஹெர்ட்ஸ், விநாடிக்கு 50 ஃபிரேம்; ஒரு ஃபிரேமுக்குச் சுமார் 1,60,000 சைக்கிள் (கடிகாரத் துடிப்பு). எஸ்டியின் 68000 பிராசஸர் சிப்பில் 4 பைட்டை நகலெடுக்க 20 சைக்கிள். முழுத் திரைக்கு 8,000 தடவை, அதாவது அதே 1,60,000. மவுஸைப் பார்க்கக்கூட நேரம் மிஞ்சாது. மாறிய செவ்வகத்தை மட்டும் தொட வேண்டும்.

அதிலும் 16 வண்ணத் திரையில் 16 பிக்சல்கள் ஒரு கட்டு. ஒரு பிக்சல் வலப்பக்கம் நகர்ந்தால் எல்லா பிட்டையும் தள்ள வேண்டும். 16 பிக்சலாக நகர்த்திப் பார்த்தேன். வேகம் அபாரம், ஆனால் விண்டோ தவளைபோலத் தத்துகிறது.

பிப்ரவரி 14
எஸ்டியோடு வரும் விண்டோ இடைமுகமான ஜெம்மில் இழுக்கும்போது வெறும் கோட்டுச் சட்டம்தான் நகரும். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தேன். ஒரே கோட்டை இருமுறை எக்ஸார் செய்தால் (கோட்டின் கீழுள்ள பிட்டுகளைப் புரட்டினால்) அடியில் இருந்தது தானாகத் திரும்பிவிடும், எதையும் சேமிக்க வேண்டாம். கெட்டிக்காரர்கள்.

பெரிய விண்டோவுக்கு நானும் சட்டம்தான். சின்னதற்கு, முன்கூட்டியே தள்ளிவைத்த 16 நகல்கள்: 96×64 அளவுக்கு 57,344 பைட். அரை மெகாபைட்டில் தாங்கும். ஓரங்களுக்கு மாஸ்க் (எந்தப் பிக்சலைத் தொடக் கூடாது என்று சொல்லும் பிட்டுகள்) இன்னும் எழுதவில்லை.