மியூசியத்தைப் பூட்டாமல் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பியது எப்படி?

ஏற்காட்டு மலையில் எங்கள் அறக்கட்டளை நடத்தும் சின்ன மியூசியத்துக்கு முழுநேர ஆள் என்றால் ஓர் அக்காதான். திறப்பது, பெருக்குவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்குவது, பொருள்களைத் துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவரைப் பொருள் பராமரிப்புப் பயிற்சிக்கு அனுப்பப் பணம் திரட்டிய அனுபவம் இது. இதே நிலையில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பயிற்சி எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, ஆதி மனிதர்கள் செய்த வழவழப்பான கற்கோடரிகளுக்குப் பேர் போனது. பிள்ளையார் கோயில்களில் அவற்றை வைத்துக் கும்பிடுவதும் உண்டு. கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்த நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1904-ல் சென்னை மியூசியத்துக்கு விற்ற சேகரிப்பிலும் இந்த மலையின் கற்கருவிகள் இருக்கின்றன. கல்லை மூடுபனி ஒன்றும் செய்யாது. ஓலைச்சுவடி, பழைய ஃபோட்டோ, இரும்பு ஈட்டிமுனை இவைதான் கவலை. ஈட்டிமுனை துருப்பிடிக்கக் கூடாதே என்று அக்கா தேங்காய் எண்ணெய் தடவி வந்தார். அவ்வளவு அக்கறை உள்ளவருக்குச் சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது.

முதலில் மத்திய கலாசார அமைச்சகத்தின் அருங்காட்சியக மானியத் திட்டத்தைப் பார்த்தோம். கட்டடம், காட்சிக்கூடம் என்று பெரிய வேலை எடுப்பவர்களுக்கு அது சரி. ஒருவரை அனுப்ப அவ்வளவு பெரிய கதவைத் தட்ட வேண்டாம் என்று சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தின் பக்கம் திரும்பினோம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியம், கலை, பண்பாட்டைப் பாதுகாப்பதும் இருக்கிறது. ஆனால் அறக்கட்டளைக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், சி.எஸ்.ஆர்-1 படிவம் போட்டு வாங்கும் பதிவு எண்ணும் இல்லாவிட்டால் பேச்சே தொடங்காது. மூன்று வருடத் தணிக்கை அறிக்கையையும் கேட்பார்கள். சேலத்தில் ஒரு நல்ல ஆடிட்டரைப் பிடித்து இதையெல்லாம் முதலில் முடித்துவிடுங்கள்.

எங்கே அனுப்புவது? லக்னோவில் பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாப்பதற்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது, மைசூரில் அதன் கிளை. சென்னை எழும்பூர் மியூசியத்தில் 1930 முதலே பழம்பொருள்களுக்கான வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் உண்டு. தமிழில் சந்தேகம் கேட்க முடிவதுதான் முக்கியம் என்று சென்னையை முடிவு செய்தோம். சேலத்தில் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிய சென்னை.

அக்காவிடம் சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: "நான் போயிட்டா மியூசியத்த யாருங்க தொறப்பாங்க? அந்த நாளுக்கெல்லாம் எனக்குச் சம்பளம் வருமுங்களா?"

விண்ணப்பத்தின் உயிரே அந்தக் கேள்விதான். பயிற்சிக் கட்டணம் சொற்பம். தங்குவது, சாப்பாடு, அக்காவின் சம்பளம், அவருக்குப் பதில் உட்காருபவரின் கூலி, திரும்பி வந்ததும் வேலை செய்யத் தேவையான பொருள்கள் எல்லாம் சேர்ந்ததுதான் உண்மையான செலவு. நாங்கள் விண்ணப்பித்த கம்பெனியில் மாற்று ஆளின் கூலியை மட்டும் அடித்துவிட்டார்கள். நேரில் போய், அது இல்லாவிட்டால் இந்த அம்மாவால் வரவே முடியாது என்று விளக்கினோம். வருகைப் பதிவேட்டின் நகல் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். இன்னொன்று, பணி நியமனக் கடிதமும் கேட்டார்கள். சின்ன மியூசியங்களில் யாரும் அதைக் கொடுப்பதில்லை. அக்காவுக்கு இப்போது கையில் ஒன்று இருக்கிறது. எனக்கு இதில் ரொம்ப சந்தோஷம்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தேங்காய் எண்ணெயை நிறுத்தினார். ஈட்டிமுனை இப்போது காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு. ஆரஞ்சு மணி பச்சையானால் அது ஈரத்தைக் குடித்துவிட்டது, சூடேற்றிக் காயவைக்க வேண்டும் என்கிறார். கற்கோடரியில் எண் எழுதும் விதமும் மாறிவிட்டது. அடியில் பாரலாய்டு பி-72 என்ற நிறமில்லாத பிசின் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மையில் எண், மேலே மறுபடி ஒரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம், கல்லில் கறை ஏறாது.

கணக்கை ரசீது ரசீதாக ஒட்டி, ஆடிட்டர் கையெழுத்தோடு செலவுச் சான்றிதழ் கொடுத்தோம். அக்காவுக்குப் பதிலாக உட்கார்ந்த பெண் இப்போது சனி, ஞாயிறு வருகிறாள். அடுத்து அவளை அனுப்பப் போகிறோம். கம்பெனிகளுக்கு ஏப்ரலில் புதுக் கணக்கு ஆரம்பிப்பதால், அதற்கு முன்பே விண்ணப்பத்தைக் கையில் சேர்த்துவிடுவது நல்லது.