ஒருவர் மட்டுமே நிற்கலாம்

கூடைப்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது தலைமைப் பயிற்சியாளர், முதல் துணைப் பயிற்சியாளர் இருவரில் ஒருவர் மட்டுமே எழுந்து நிற்கலாம் என்பது சர்வதேச விதி. எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியில் நிற்பவர் தலைமைப் பயிற்சியாளரான சார். துணைப் பயிற்சியாளரான நான் உட்கார்ந்திருப்பேன். மடியில் ஒரு அட்டை, அதன்மேல் அரைக்களத்தின் படம் வரைந்த தாள், கையில் பேனா. எதிரணி எந்த இடத்திலிருந்து எறிகிறது என்று பார்த்து, கூடையில் விழுந்தால் வட்டம், விழாவிட்டால் பெருக்கல் குறி. அதே கல்லூரிக்காக, பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடிவிட்டு, பந்து காலடிக்கே உருண்டு வரும்போதும் அசையாமல் எழுதிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். ஆடுகிறவள் எப்படிப் பயிற்சியாளராக ஆவது என்று ஜூனியர்கள் பலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெரியகுளம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மே மாதம் வந்தால் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு அப்பா கூட்டிப்போவார். மின்னொளியில் ஆடும் அந்தப் பெரிய ஆட்டக்காரர்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் பி.காம். சேர்ந்தேன். எங்கள் தலைமுறைப் பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தவர் அனிதா பால்துரை. சென்னைக்காரர், இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர், தெற்கு ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்; 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் ரயில்வே அணியில் எத்தனை பேருக்கு இடம் கிடைக்கும்? மற்றவர்களுக்கு ஆறாவது செமஸ்டர் தேர்வோடு ஆட்டமும் முடிந்துவிடுகிறது. என்னோடு பல்கலைக்கழக அணியில் ஆடிய தோழிகள் பலர் இன்று பந்தைத் தொடுவதே இல்லை. அது எனக்கு ஆறாத வருத்தம்.

நான் படிப்பை முடித்தது 2017இல். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். விடிவதற்கு முன்பே எழுந்து கல்லூரி மைதானத்துக்குப் போய், புதிதாக வந்த பெண்களுக்குப் பந்து எடுத்துப் போட்டுவிட்டு, அங்கிருந்தே அலுவலகம் போவேன். துணைப் பயிற்சியாளராகவே வந்துவிடுகிறாயா என்று சார் ஒருநாள் கேட்டார். ஒப்பந்த வேலை, சம்பளம் என்று சொல்ல முடியாத அளவு மதிப்பூதியம். கல்யாணப் பேச்சு எடுக்கிற நேரத்தில் இன்னும் என்ன பந்து என்று அம்மா கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லாமல் ரயில் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தார்.

டிக்கெட் பட்டியாலாவுக்கு. பயிற்சியாளருக்கான சான்றிதழ் இருந்தால்தான் பணியில் எடுக்க முடியும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் 1961இல் மோதிபாக் அரண்மனையில் தொடங்கப்பட்டது. பின்னர் நேதாஜி சுபாஷ் பெயர் சூட்டப்பட்டது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு, நீண்ட டிப்ளமோவும் உண்டு. நான் போனது ஆறு வாரத்துக்கு. காலையும் மாலையும் மைதானம், நடுவில் வகுப்பு. உடலியங்கியல், உளவியல், பயிற்சி முறைகள் என்று பாடங்கள். வட இந்திய வெயிலில் நண்பகல் வகுப்பில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தனிப் பயிற்சி.

அங்கே கிடைத்த பெரிய பாடம் புத்தகத்தில் இல்லை. ஒவ்வொருவரும் பாடத்திட்டம் எழுதி, சக மாணவர்களையே அணியாக வைத்து ஒரு பயிற்சியை நடத்திக் காட்ட வேண்டும். ஓரமாக நின்று ஆசிரியர்கள் மதிப்பெண் போடுவார்கள். எனக்கு இந்தி சரியாக வராது. அதனால் ஒரு திறனை விளக்கத் தேவையான சொற்களை மட்டும் பொறுக்கி, இரண்டு மூன்றாகச் சுருக்கி மனப்பாடம் செய்துகொண்டேன். மிச்சத்தைச் செய்து காட்டினேன். தாராளமாகப் பேசியவர்களின் குழுவைவிட என் குழு சீக்கிரம் புரிந்துகொண்டு ஆடத் தொடங்கியது. சென்னை திரும்பிய பிறகும், தமிழிலும், அப்படியே தொடர்கிறேன்.

ஓடிவந்து கூடைக்கு அருகே எழும்பிப் பந்தைப் போடும் லே-அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது மூச்சுவிடுவது போல. முதலாம் ஆண்டில் சேர்ந்த ஒரு பெண், பள்ளியில் கபடி ஆடியவள், கூடைக்கு அருகே வந்ததும் தடுமாறி நின்றுவிடுவாள். ஓடி வரச் சொல்லிச் சொல்லிப் பயனில்லை. கடைசி அடியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுத்தேன். முதலில் கூடைக்கு அடியில் இடது காலில் நின்று, வலது முழங்காலைத் தூக்கி எறிவது மட்டும். அது பழகிய பின் ஓர் அடி. பிறகு இரண்டு. பந்தைத் தட்டிக்கொண்டு வருவது எல்லாவற்றுக்கும் கடைசி. தொடக்க வாரங்களில் நான் அவள் கையைப் பார்க்கவே இல்லை, பாதத்தை மட்டும் பார்த்தேன். இதில் எனக்கும் புதிதாகக் கற்க வேண்டியது இருந்தது. நான் கல்லூரியை விட்ட அதே 2017இல், அக்டோபரில், பந்தைப் பிடித்தபின் எத்தனை அடி வைக்கலாம் என்ற விதி மாறிவிட்டது. ஓடிக்கொண்டே பந்தைப் பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் இப்போது அடிக்கணக்கில் சேராது. அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். என் கால்களுக்குப் பழைய கணக்குதான் ஊறியிருந்தது. மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு முன், ஆளில்லாத நேரத்தில் நானே தனியாகப் பழகிக்கொண்டேன்.

ஆட்டத்தைச் சற்று நிறுத்தி அணியோடு பேசும் டைம்-அவுட்டைக் கேட்கும் உரிமை தலைமைப் பயிற்சியாளருக்கும் முதல் துணைப் பயிற்சியாளருக்கும் மட்டுமே உண்டு. கல்லூரிகளுக்கு இடையிலான ஓர் ஆட்டத்தில், மூன்றாவது பகுதியில், என் தாளில் வட்டங்கள் எல்லாம் வலப்பக்கமே குவிந்துகொண்டிருந்தன. எதிரணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரி வலது கையால் மட்டுமே புகுந்துகொண்டிருந்தாள். சாரிடம் தாளைக் காட்டினேன். நீயே கேள், நீயே பேசு என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். டைம்-அவுட் ஒரு நிமிடம். பெண்கள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அதில் பாதி போய்விடும். இரண்டே விஷயம் சொன்னேன்: அவளை இடப்பக்கமே தள்ளுங்கள்; எறிந்ததும் பந்தைப் பார்க்காமல் ஆளை முதுகால் அடைத்து நில்லுங்கள். அந்தப் பகுதி முடியும்வரை அவளால் ஒரு கூடையும் போட முடியவில்லை. ஆட்டம் கடைசியில் எங்கள் கையைவிட்டுப் போனது என்றாலும், அன்றிலிருந்து பெண்கள் என் தாளை எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

எங்கள் சாரைப் போல ஆட்டம் தெரிந்தவர் அபூர்வம். ஆனால் அவரிடம் சொல்லாத பலவற்றை அந்தப் பெண்கள் என்னிடம் சொல்கிறார்கள். மாதவிடாய் வலியோடு ஓடுவது, சாப்பிடாமல் காலைப் பயிற்சிக்கு வருவது, முழங்கால் வலியை மறைத்து அணித் தேர்வுக்கு நிற்பது. நானும் அதே விடுதியில் இருந்தவள் என்பதால் கேட்காமலே சில தெரியும். முழங்கால் விஷயத்தில் நான் விடாப்பிடியாக இருக்கிறேன். முழங்காலின் முன் ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ கிழிகிறது. எங்களுடையது சிமெண்ட் தரை வேறு. அதனால் பந்தைத் தொடுவதற்கு முன்பே, முழங்கால் உள்பக்கம் சாயாமல் இரு காலிலும் மெத்தென்று இறங்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வைக்கிறேன். சலித்துக்கொள்வார்கள். செய்துதான் ஆக வேண்டும்.

இந்த வழியில் வர நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரியில் நிரந்தரமான உடற்கல்வி இயக்குநர் பணிக்குப் பயிற்சியாளர் சான்றிதழ் போதாது. 55 சதவீத மதிப்பெண்ணோடு உடற்கல்வி முதுகலைப் பட்டமான எம்.பி.எட்., அதன்மேல் பொதுவாகக் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட்டில் தேர்ச்சி வேண்டும். பி.காம். முடித்த என்னைப் போன்றவர்கள் உடற்கல்வி இளங்கலைப் படிப்பான பி.பி.எட்.டிலிருந்து தொடங்க வேண்டும். நான் இப்போது அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறேன். நீங்கள் மூன்றாம் ஆண்டில் இருந்தால், மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும் அன்றே உடற்கல்வித் துறைக்கும் போய், ஆடிய ஒவ்வொரு போட்டியின் சான்றிதழும் கையில் இருக்கிறதா, பெயரும் தேதியும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அதைத் தேடித் தருவதற்கு அங்கே ஆள் இருக்க மாட்டார்கள்.