கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண் வறட்சி

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவரிடம் ஊரில் எல்லோரும் சத்திரசிகிச்சையைப் பற்றித்தான் பேசுவார்கள். கண் வறட்சியைப் பற்றி வாய் திறப்பவர்கள் குறைவு. வயது போன காலத்தில் இவை இரண்டும் ஒரே கண்ணில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதையும், வறட்சியைக் கவனிக்காமல் புரையை மட்டும் எடுத்தால் பாதி வேலை மிஞ்சிவிடும் என்பதையும் என் வலக் கண் எனக்குக் காட்டியது. திருகோணமலையில் என் வயதை ஒத்த பலர் இப்போது இதே வழியில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே குறும்பார்வை உண்டு. தூரத்துக்குக் கண்ணாடி போடுவேன், வாசிக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவேன். ஓய்வுக்குப் பின் எங்கள் கோவிலில் புராணபடனத்தில் செய்யுள் வாசிப்பது என் பொறுப்பாயிற்று. நான் ஒரு பாட்டை இராகத்தோடு வாசித்து நிறுத்த, பக்கத்தில் இருக்கும் பெரியவர் அதற்குப் பயன் சொல்வார். அந்த வாசிப்பில்தான் என் கண்ணின் குறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலில் வந்தது புரையின் குறை. கண்ணாடியின் இலக்கம் அடிக்கடி மாறியது. கண்ணின் வில்லை முதுமையில் நடுப்பகுதியில் இறுகிப் பழுக்கும்போது குறும்பார்வை இன்னும் கூடும் என்று பின்னர் விளக்கினார்கள். இரவில் உட்துறைமுக வீதியால் நடந்து வரும்போது எதிரே வரும் வாகன விளக்குகள் ஒவ்வொன்றும் கதிர் விரித்துக் கண்ணைக் கூசச் செய்தன. அதே காலத்தில் வேறொரு தொல்லையும் சேர்ந்திருந்தது. தொடர்ந்து சில பாட்டுகள் வாசித்தவுடன் எழுத்துகள் கரையும், இமைத்தால் தெளியும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கரையும். மண் விழுந்தது போல் கண் உறுத்தி, நீரும் ஓடும். வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இது இரட்டிப்பாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு ஈரம் இழந்து, சூடும் புழுதியுமாக எங்கள் பக்கம் இறங்கும் காற்று அது. ஆவணி தாண்டியும் வீசும்.

இமைத்தால் தெளிகிற மங்கலும் இமைத்தாலும் தெளியாத மங்கலும் வெவ்வேறு என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். வில்லை மங்கியிருந்தால் எத்தனை முறை இமைத்தாலும் அது அப்படியே நிற்கும். கண்ணின் மேல் மெல்லிதாகப் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலம் குலைந்திருந்தால்தான் இமைக்கும்போது படலம் மறுபடி விரிந்து ஒரு கணம் துலக்கமாகத் தெரியும். கிளினிக்கில் வைத்தியர் என்னிடம் கேட்ட முதற்கேள்வியே இதுதான்.

அன்று எனக்குச் செய்த பரிசோதனைகள் எளிமையானவை. கீழிமையின் ஓரத்தில் வடிதாள் கீலம் ஒன்றைக் கொளுவி, 5 நிமிடம் கழித்து அது எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று மில்லிமீற்றரில் பார்த்தார்கள். பிறகு மஞ்சள் நிறச் சாயத்தைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் கண்ணீர்ப் படலம் எத்தனை செக்கனில் உடைகிறது என்று எண்ணினார்கள். 10 செக்கனுக்கு முன்பே உடைந்தால் அது நல்ல அறிகுறியல்ல. எனக்கு நீர் ஓரளவு சுரக்கிறது, ஆனால் இமை விளிம்பில் இருக்கும் மைபோமியன் சுரப்பிகளின் எண்ணெய் தடித்து அடைபட்டிருப்பதால் அந்த நீர் உடனே ஆவியாகிவிடுகிறது என்று வைத்தியர் சொன்னார். கண் காய்ந்து உறுத்தும்போது அதைத் தணிக்கக் கண்ணீர்ச் சுரப்பி ஒரே வீச்சில் நீரைக் கொட்டுகிறது. எண்ணெய் இல்லாத அந்த நீர் கன்னத்தில் வழிந்து போகிறதே தவிர, கண்ணில் தங்குவதில்லை. கண்ணால் தண்ணீர் ஓடுகிறவருக்கு வறட்சி எப்படி வரும் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் விடை.

“ஐயா, முதல்ல இந்த வறட்சியைக் கொஞ்சம் அடக்குவம். அதுக்குப் பிறகுதான் வில்லைக்கு அளவு எடுக்கலாம்” என்றார் வைத்தியர்.

வீட்டில் இதை யாரும் விரும்பவில்லை. கொழும்பில் இருக்கும் மகள், “இங்க வாங்கோ அப்பா, கெதியா முடிச்சிடலாம்” என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னாள். ஆனால், வைத்தியர் சொன்ன காரணம் வரைபடத்தோடு வாழ்ந்த எனக்கு உடனே பிடிபட்டது. உள்ளே வைக்கும் வில்லையின் வலுவைக் கணிக்கக் கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளக்கிறார்கள். வளைவை அளக்கும் கருவி பார்ப்பது கண்ணின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை. அந்த மேற்பரப்பு கண்ணீர்ப் படலம். படலம் திட்டுத்திட்டாக உடைந்திருக்கும்போது அளந்தால் அளவு பிழைக்கும், பிழைத்த அளவுக்கு ஏற்ற வில்லையே கண்ணுக்குள் போகும். அடித்தளக் கோடு பிழைத்த நில அளவையில் அதன் பின் வரையும் எல்லைகள் எல்லாம் பிழைப்பதைப் போன்றது இது. எனவே காத்திருந்தேன்.

காத்திருந்த நாட்களில் காலையும் மாலையும் இளஞ்சூட்டு ஒத்தடம் கொடுத்தேன். பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமைகளின் மேல் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். துணி விரைவில் ஆறிவிடும். ஆற ஆற மீண்டும் நனைத்து வைத்தால்தான் உறைந்த எண்ணெய் இளகும். பிறகு இமை விளிம்பை மெதுவாகத் துடைக்க வேண்டும். இதனோடு செயற்கைக் கண்ணீர்த் துளிகளும் உண்டு. நாளுக்குப் பல முறை விட வேண்டியவர்கள் கெடாமல் காக்கும் இரசாயனம் கலக்காத துளிகளைக் கேட்டு வாங்குவது நல்லது. சாதாரணப் போத்தல்கள் பலவற்றில் இருக்கும் அத்தகைய இரசாயனமான பென்சல்கோனியம் குளோரைட்டு அடிக்கடி பட்டால், ஏற்கெனவே புண்பட்ட கண்ணின் மேற்பரப்பை இன்னும் வாட்டும். ஒரு தடவைக்கான சின்னக் குப்பிகளாக வரும் துளிகளுக்கு விலை கூடுதல்தான். ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு அது சுமை என்பதை நான் மறுக்கவில்லை. மீன்எண்ணெய் மாத்திரையை விழுங்கச் சொன்ன நண்பர்களும் உண்டு. 2018 இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வொன்றில், கண் வறட்சிக்கு மீன்எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு கொண்ட மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மீன் மலிந்த ஊரில் இருந்துகொண்டு மாத்திரைக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வறட்சி அடங்கிய பின் எடுத்த அளவு முதலில் பார்த்த அளவோடு ஒத்து வரவில்லை. பிந்தியதையே வைத்தியர் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது வில்லையை எந்தத் தூரத்துக்கு வைப்பது என்ற கேள்வி. இதைப் பலரிடம் கேட்பதே இல்லை; கேட்டாலும் “தூரத்துக்கு வையுங்கள்” என்பதே வழக்கமான பதில். ஒரு தூரத்துக்கு மட்டும் குவியும் வில்லையைத் தூரத்துக்கு வைத்தால் வாசிக்கக் கண்ணாடி வேண்டும்; கிட்டத்துக்கு வைத்தால் நடமாடக் கண்ணாடி வேண்டும். பல தூரங்களுக்குக் குவியும் வில்லைகளும் உண்டு. ஆனால், அவை விளக்கொளியைச் சுற்றி வளையம் காட்டக்கூடும், துலக்கத்தையும் சற்றுக் குறைக்கும். வறண்ட கண்ணில் இக்குறைகள் கூடுதலாகத் தெரியும் என்பதால் எனக்கு அவை வேண்டாம் என்று வைத்தியரே சொன்னார். வாழ்நாள் முழுவதும் கண்ணாடியைக் கழற்றி வாசித்த எனக்குக் கிட்டத்துத் தெளிவுதான் பெரிது. கோவிலில் சாய்வுப் பலகைக்கு முன் நான் அமர்ந்திருக்க, என் மனைவி அளவுநாடாவால் கண்ணிலிருந்து ஏட்டின் நடுவரிவரை அளந்தாள்: 40 சென்ரிமீற்றர். அதைச் சொன்னதும், குறும்பார்வையில் இரண்டரை இலக்கத்தை மிச்சம் விட்டு வில்லையைத் தெரிவு செய்தார்கள். கண்ணாடி இல்லாமல் தூரம் பார்க்க விரும்புகிறவருக்கு இந்தத் தெரிவு பொருந்தாது. வாசிப்பே வாழ்வாக இருப்பவர்கள் இப்படியும் ஒரு வழி இருப்பதை அறிந்து கேட்க வேண்டும்.

சத்திரசிகிச்சைக்கு முன், வழக்கமாக எடுக்கும் மருந்துகளை எல்லாம் பொதியோடு கொண்டு வரச் சொன்னார்கள். புரொஸ்டேட் வீக்கத்துக்கு டம்சுலோசின் எடுக்கும் ஆண்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளரச் செய்து, சத்திரசிகிச்சையின்போது அது மடங்கி அலையக் காரணமாகலாம். முன்பே தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். சிறுநீர் மருந்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துப் பலர் சொல்லாமல் விடுவது இதைத்தான். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையையும் முன்கூட்டிப் பார்த்துவிடுவார்கள்.

சத்திரசிகிச்சை நான் பயந்த அளவுக்கு இல்லை. கண்மணியை விரிக்கும் துளிகள், விறைக்கச் செய்யும் துளிகள், பழுப்பு நிற அயடீன் கழுவல், முகத்தின் மேல் பச்சைத் துணி. அதன் பிறகு ஒரு வெள்ளை ஒளியும், இயந்திரத்தின் இரைச்சலும், காதோரம் வழியும் நீரும் மட்டுமே. சில மில்லிமீற்றர் அகலமுள்ள கீறல் வழியாகச் செல்லும் நுண்ணிய ஊசி, கேளா ஒலியதிர்வால் புரையைத் துகளாக்கி உறிஞ்சிவிடும்; மடித்த செயற்கை வில்லை அதே வழியால் உள்ளே போய் விரியும். பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. 1949 இல் இலண்டனில் ஹரல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலாகக் கண்ணுக்குள் வில்லை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் துண்டுகளை உடல் வெறுக்காமல் ஏற்றிருந்ததைக் கவனித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது. இதை அறிந்த நாளிலிருந்து என் வில்லையை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

மறுநாள் கண்மூடியை எடுத்தபோது வெள்ளைச் சுவர் வெள்ளையாக இருந்தது. வலக் கண்ணை மூடி இடக் கண்ணால் பார்த்தால் அதே சுவர் தேநீர்க் கறை படிந்த நிறத்தில் தெரிந்தது. எத்தனையோ வருடங்களாக நான் பார்த்த வெண்மை அந்த நிறம்தான் என்பதை அப்போது அறிந்தேன்.

அதன் பிறகு வறட்சி திரும்பி வந்தது, முன்னைவிடக் கடுமையாக. இது வரும் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தபடியால் கலங்கவில்லை. கீறல் கருவிழியின் நுண்ணிய நரம்புகள் சிலவற்றை வெட்டுகிறது. உணர்ச்சி குறைந்த கண் குறைவாக இமைக்கும், குறைவாகச் சுரக்கும். கழுவிய அயடீனும், நுண்காட்டியின் ஒளியும், பின்னர் விடும் மருந்துத் துளிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன. பலருக்கு 3 மாதங்களுக்குள் இது தணிந்துவிடும். ஆனால், தணியும் வரை அந்த உறுத்தலைச் சத்திரசிகிச்சை பிழைத்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். உறுத்தலும், இமைத்தால் தெளியும் மங்கலும் வறட்சியுடையவை. கூடிக்கொண்டே போகும் வலி, சிவப்பு, பார்வை திடீரெனக் குறைதல், கண்ணில் மின்னல் வெட்டுதல், திரை விழுவது போன்ற நிழல் ஆகியவை வேறு; அவற்றில் ஒன்று கண்டாலும் கிளினிக் நாள் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எனக்கு நாள் கிடைத்தது கச்சான் காலத்தில். ஓட்டோவில் போகும்போது பக்கங்களையும் மறைக்கும் கண்ணாடி போட்டேன். மின்விசிறியை முகத்துக்கு நேரே விடாமல் காலடிக்குத் திருப்பினேன். கற்பூரப் புகைக்கு எட்டத்தில் நின்று கும்பிட்டேன். ஆடி அமாவாசை அன்று தந்தையாருக்குத் தர்ப்பணம் செய்துவிட்டுக் கடலில் தலை முழுகாமல், கழுத்துக்குக் கீழ் நனைத்துக்கொண்டு வந்தேன். உறவினர்கள் கன்னியா வெந்நீரூற்றுக்கு அழைத்தபோதும் போகவில்லை. அழுக்கு நீர் பட்டுக் கிருமி உள்ளே போனால் கண்ணையே இழக்க நேரிடும். நந்தியாவட்டைப் பூவை நனைத்து அந்த நீரை விடச் சொன்ன ஓர் அம்மையாருக்கு அன்போடு மறுப்புச் சொன்னேன். அவர் பாட்டி காலத்து அக்கறை அது. ஆயினும், சத்திரசிகிச்சை செய்த கண்ணில் வைத்தியர் எழுதாத எதையும் விடக்கூடாது, அது தாய்ப்பாலோ தேனோ எதுவாயினும்.

துளிமருந்து விடுவதில் மனைவியும் நானும் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டோம். ஒன்றை விட்டபின் ஐந்து நிமிடம் கழித்தே அடுத்தது; இல்லாவிட்டால் பிந்தியது முந்தியதைக் கழுவிவிடும். அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் துளியைப் படிப்படியாகக் குறைத்து, சொன்ன நாளில் நிறுத்தினோம். கண் சுகமாக இருக்கிறதே என்று அதைத் தாமாகவே வாங்கித் தொடர்ந்தால் கண்ணழுத்தம் கூடக்கூடும். இமை ஒத்தடத்தை வைத்தியர் அனுமதித்த பிறகே மீண்டும் தொடங்கினேன். ஆறாத கண்ணை அழுத்துவது ஆபத்து.

புராணபடனத்துக்குத் திரும்பியபோது கண்டுகொண்ட பழக்கம் ஒன்று எனக்கு மருந்தைவிடப் பெரிதாக உதவுகிறது. வாசிக்கும்போது மனிதர் இமைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். செய்யுளின் சந்தத்தில் மனம் ஊன்றினால் இன்னும் குறையும். இப்போது ஒரு பாட்டை வாசித்து முடித்ததும், பெரியவர் பயன் சொல்லும் நேரம் முழுவதும் கண்களை மூடி, இடையிடையே இமைகளை முழுமையாகச் சேர்த்துத் திறக்கிறேன். அடியார்கள் நான் உருகிக் கேட்பதாக நினைக்கிறார்கள், கேட்கிறேன்தான். அடுத்த பாட்டுக்குக் கண்ணைத் திறக்கும்போது எழுத்துகள் கரையாமல் நிற்கின்றன.

இடக் கண்ணுக்கு மார்கழியில் அளவு எடுக்க இருக்கிறார்கள். கச்சான் ஓய்ந்து வாடையின் ஈரம் வந்தபின் எடுப்பது நல்லது என்று நான் கேட்டுக்கொண்டேன், வைத்தியரும் இசைந்தார். அதுவரை இடக் கண்ணுக்கும் ஒத்தடம் நடக்கிறது.