எச்சில் குப்பியும் கறுப்புக் கட்டங்களும்

அப்பா குடியை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அவர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, குடிப்பழக்கத்துக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறோம், மகனையும் கூட்டிவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஜீன் எனக்கும் இருக்கிறதா என்று தெரிந்துவிடுமே! அதற்காகத்தான் போனேன்.

ஒப்புதல் படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அந்த ஆசை போச்சு. தனிநபர் முடிவு யாருக்கும் தரமாட்டார்களாம். ஆய்வுக்குழுவில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: குடிக்கென்று ஒரே ஜீன் கிடையாது. 2019-இல் சுமார் 12 லட்சம் பேரின் தரவை வைத்துச் செய்த ஆய்வில் மது, புகை இரண்டுக்குமாக 400-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் சிக்கின. ஒவ்வொன்றின் பங்கும் இம்மியளவு. அதில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தக் கணக்கை அப்படியே நம் ஆட்களுக்குப் போட்டால் சரியாக வராது. மக்களிடையே குடிநோயில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்குப் பரம்பரை காரணம் என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மிச்சத்தில் எங்கள் தெருமுனை டாஸ்மாக்குக்கும் பங்கு உண்டு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

குடிப்பழக்கம் பற்றிப் பத்துக் கேள்விகள், சீக்கிரம் முடிந்தன. அடுத்து எச்சில். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாதாம். நாங்களோ புரசைவாக்கத்தில் டீ குடித்துவிட்டு நேரே வந்திருந்தோம். காத்திருந்தோம். பிறகு குப்பியில் 2 மில்லி கோடு வரை துப்ப வேண்டும், நுரை கணக்கில் வராது. எனக்கு வாய் வறண்டுவிட்டது. கன்னத்தைத் தேய்த்துவிடச் சொன்னார்கள். அப்பா எப்போதோ முடித்துவிட்டு என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் குடும்ப மரம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், பழக்கம் இருந்தவர்களைக் கறுப்பாக்க வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, தாத்தா என்று வரிசையாகக் கறுப்பு. பெண்கள் பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். “புகையிலை போடுவாங்களா?” என்றார் அந்தப் பெண். ஆயாவின் சுருக்குப்பை ஞாபகம் வந்தது. அந்த வட்டத்திலும் பாதி கறுப்பு.

அப்பாவின் கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“போடும்மா, அது நான்தான்” என்றார் அப்பா.

என் கட்டம் கீழே வெள்ளையாக நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம்.

“இப்போ டீ குடிக்கலாம்ல?” என்றார்.