போல்டரில் கிளைகள் முறிந்த இரவு

2022 மே 19, வியாழக்கிழமை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் விமான நிலையத்தில் மனைவியோடு வாடகைக் காரை எடுத்து வெளியே வந்தபோது வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது. டாலஸில் இருந்து போனவனுக்கு அது ஒரு வெயிலே இல்லை. ஆனால் காற்றில் ஈரமே கிடையாது, ஒரு மணி நேரத்தில் உதடு வெடித்துவிட்டது. போனைத் திறந்தால் காட்டுத்தீ அபாயத்துக்கான ‘ரெட் ஃபிளாக்’ எச்சரிக்கை. அதற்குக் கீழேயே, வெள்ளி மாலையிலிருந்து பனிப்புயலுக்கான ‘வின்டர் ஸ்டார்ம் வாட்ச்’. ஜனவரியில் வந்தது இன்னும் அழியாமல் கிடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

டென்வரிலிருந்து போல்டருக்குப் போகும் 36ஆம் எண் நெடுஞ்சாலை சுப்பீரியர், லூயிஸ்வில் என்ற இரண்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2021 டிசம்பர் 30 அன்று ‘மார்ஷல்’ என்ற காட்டுத்தீ ஒரே நாளில் 1,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாப்பிட்ட இடம். வீடுகள் இருந்த வரிசையில் வெறும் அஸ்திவாரங்கள் தெரிந்தன. வண்டியில் யாரும் பேசவில்லை. அந்தத் தீ எரிந்த மறுநாளே அங்கே பனி பெய்ததாம். இது தெரிந்திருந்தால் போனில் பார்த்த இரண்டு வரிகளையும் கொஞ்சம் மதித்திருப்பேன்.

போல்டரில் என் கல்லூரி அறைத்தோழன் வீடு. எங்கள் திட்டம் இதுதான்: வியாழன் இரவு அங்கே, வெள்ளி மதியம் எஸ்டெஸ் பார்க் என்ற மலையூர், இரண்டு இரவு மலைவிடுதி. அதைச் சொன்னதும் சிரித்தான்.

“வாட்ச் போட்டிருக்கான், பாக்கலயா?”

“வாட்ச்தானே, பார்த்துக்கலாம்.”

“நாளைக்கு அது வார்னிங் ஆகும் பாரு. வாட்ச்னா வரலாம்னு அர்த்தம். வார்னிங்னா வந்தாச்சு, இல்லன்னா வரப்போறது உறுதி.”

துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். 1ஆம் எண்ணுக்கும் 10ஆம் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அமெரிக்காவில் பத்து வருடமாக இருந்தும் இந்த இரண்டு வார்த்தைகளை ஒன்றாகவே படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெள்ளி காலை வார்னிங் ஆகியிருந்தது. தேசிய வானிலைச் சேவையின் அறிவிப்பை அன்றுதான் முதன்முறையாக முழுதாகப் படித்தேன். கவிதையெல்லாம் கிடையாது. என்ன, எங்கே, எப்போது, என்ன பாதிப்பு என்று நான்கு தலைப்பு, அவ்வளவுதான். டென்வர் பகுதிக்கான அறிவிப்பை எழுதும் அலுவலகம் போல்டரிலேயே இருக்கிறது. எழுதியவர் வீட்டு வாசலிலும் அதே பனிதான் விழப்போகிறது என்று நினைத்தபோது அதன் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. இதில் உயரம்தான் முக்கியம். போல்டர் சுமார் 5,400 அடி. எஸ்டெஸ் பார்க் 7,500 அடி, நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. கீழே மழையாகத் தொடங்குவது மேலே முதலிலிருந்தே பனிதான். விடுதிக்குப் போன் செய்தோம். முதல் இரவுக்கான பணம் திரும்ப வராது என்றார்கள். சரி, போகட்டும்.

பாதிப்புப் பகுதியில் சாலையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. ஆனால் அழுத்திச் சொல்லியிருந்தது மரங்களை: கிளைகள் முறியலாம், மின்சாரம் போகலாம். குளிர்காலம் முழுக்கப் பனியில் நிற்கிற மரத்துக்கு மே மாதப் பனி என்ன செய்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

மதியத்துக்குள் குளிர் இறங்கிவிட்டது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ராக்கி மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறையில் செய்கிற அதே வேலைதான், இங்கே எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. நண்பனின் மனைவிக்கு இந்த விளக்கமெல்லாம் கேட்க நேரமில்லை. “அண்ணா, அந்தப் பழைய பெட்ஷீட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க” என்றார். அன்னையர் தினம் முடியாமல் எதையும் வெளியே நடக்கூடாது என்பது அந்த ஊர்த் தோட்டக்காரர்களின் கணக்கு. அந்த வருடம் அது மே 8. இவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுத்துத்தான் தக்காளியும் கத்தரியும் நட்டிருக்கிறார்கள். அதற்கும் இந்தக் கதி. துணி நேராகச் செடிமேல் படுத்தால் பனியின் கனத்தில் செடியே நசுங்கிவிடும் என்று நாற்காலிகளைக் கவிழ்த்து, மேலே போர்வை போட்டு, ஓரத்தில் கல் வைத்தோம். ஆறு வருடம் வளர்ந்த கறிவேப்பிலைத் தொட்டிக்கு மட்டும் தனி மரியாதை. இரண்டு பேர் தூக்கிப் போய்க் குளியலறைத் தொட்டிக்குள் வைத்தோம்.

இருட்டும் நேரத்தில் மழை பனியானது. பஞ்சுபோல மிதந்து வரும் பனி இல்லை, ஈரத்துணியைப் பிழியாமல் எறிந்த மாதிரி பொத்து பொத்தென்று விழுந்தது.

முதல் சத்தம் கேட்டபோது யாரோ வேட்டு போடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, தெருக்கோடியில். அப்புறம் பக்கத்து வீட்டுக்குப் பின்னால், சரசரவென்று நீண்டு, தொப்பென்று முடிந்தது. அப்போதுதான் புரிந்தது. ஜனவரியில் மரம் வெறும் குச்சி, பனி வழுக்கி விழுந்துவிடும். மே மாதத்தில் ஒவ்வோர் இலையும் ஒரு கை, ஏந்திப் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதும் தண்ணீர் நிறைந்த கனத்த பனி. நண்பன் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, துடைப்பக் கட்டையால் ஆப்பிள் மரத்தின் சின்னக் கிளைகளைக் கீழிருந்து மெல்லத் தூக்கி உதறிக்கொண்டிருந்தான். மேலிருந்து அடித்தால் முறிந்துவிடுமாம். பெரிய மரத்துப் பக்கம் போகவே கூடாது என்று அவன் மனைவி ஜன்னல் வழியாகக் கத்திக்கொண்டே இருந்தார்.

நள்ளிரவுக்கு முன் மின்சாரம் போனது. அடுப்பும் மின்சாரம்தான். காலையில் கொல்லையில் இருந்த கேஸ் கிரில்லில், பனிக்கு நடுவில் நின்று, டீ போட்டோம். அந்த அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகலாமே என்று என் மனைவி கேட்டார். புகை தெரியாது, ஆள் போய்விடும் என்று நண்பன் ஒரேயடியாக மறுத்துவிட்டான். இஞ்சி தட்டிப் போட்ட அந்த டீயைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

தெரு விசித்திரமாக இருந்தது. புல்தரை, கூரை, கார் எல்லாம் வெள்ளை. தார்ச்சாலை மட்டும் வெறும் ஈரம், வியாழன் வெயிலின் சூடு அதில் இன்னும் மிச்சம் இருந்தது. லைலாக் புதர்கள் தரைவரை வளைந்து, வெள்ளைக்குள்ளிருந்து ஊதாப்பூ எட்டிப் பார்த்தது. எல்ம் மரங்கள் பச்சை இலையோடு பிளந்து கிடந்தன. மாநிலம் முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு மதியம் வந்துவிட்டது.

எஸ்டெஸ் பார்க்கை ஞாயிறன்று ஒரே பகலில் பார்த்துவிட்டு வந்தோம். எல்க் மான்கள் நிறைய. 12,183 அடி வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலை இன்னும் திறக்கவில்லை. பனி பெய்யாத வருடங்களில்கூட மே கடைசியில்தான் திறக்குமாம், அதைக்கூடப் பார்க்காமல் திட்டம் போட்டிருக்கிறேன்.

சனி மாலையைச் சொல்ல விட்டுவிட்டேன். நல்ல வெயில் வந்து பாதிப் பனி உருகியிருந்தது. போர்வைகளை எடுத்துப் பார்த்தால் தக்காளியில் இரண்டு செத்திருந்தது, மற்றவை பரவாயில்லை. நண்பன் குளியலறைக்குப் போய் கறிவேப்பிலைத் தொட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். வாசலைத் தாண்டுவதற்குள் என் போனில் ஒன்று வந்தது. இன்றிரவு உறைபனி.

“வாட்ச்சா?” என்றான், தொட்டியை இறக்காமலே.

“இல்லடா, வார்னிங்.”

அப்படியே திரும்பி உள்ளே போனான்.