டெல்லியில் எங்கள் முதல் 14 நாட்கள்

நானும் கணவரும் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க டெல்லிக்கு வந்து இது இரண்டாவது வருடம். அவர் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். நான் இன்னொரு பல்கலைக்கழகத்தில் முதுகலை. ஊரிலிருந்து வர இருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பார்கள்: "அக்கா, வந்த உடன என்ன செய்ய வேணும்?" ஃபோனில் சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப் போகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கல்யாணம் முடித்து இரண்டு பேருமாக வருகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். தனியாக வருகிறவருக்கு இல்லாத சிக்கல் நமக்கு இருக்கிறது.

மாணவர் விசா 180 நாட்களுக்கு மேற்பட்டது என்றால், வந்து 14 நாட்களுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த 14 நாளை டெல்லிக்கு வந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. இந்தியாவுக்குள் வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நாங்கள் 2024 ஆகஸ்ட் 3ஆம் தேதி பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்தோம். கடவுச்சீட்டில் முத்திரை விழுந்தது அன்றைக்குத்தான். சின்னம்மா வீட்டில் நான்கு நாள் ஆறுதலாக இருந்துவிட்டு, 7ஆம் தேதி இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். இரண்டு இரவு ரயிலில் கழித்து, 9ஆம் தேதி காலை புது டெல்லியில் இறங்கியபோது கையில் எட்டு நாள்தான் மிச்சம். சொந்தக்காரரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாளை மட்டும் சரியாக எண்ணிக்கொள்ளுங்கள்.

மணமான ஆய்வு மாணவர்களுக்கு விடுதி இருந்தாலும் காத்திருப்போர் பட்டியல் நீளம். கரோல் பாக்கில் ஒரு லாட்ஜில் மூன்று இரவு தங்கி வீடு தேடினோம். பதிவுக்கு முகவரிச் சான்று வேண்டும், அதற்கு வீடு வேண்டும். முனிர்காவில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனோம். தரகர் காட்டிய மூன்றாவது வீடு டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய அடுக்குமாடியில் இருந்தது. உரிமையாளர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர், மத்திய அரசு வேலைக்காக வந்து இங்கேயே தங்கி ஓய்வு பெற்றவர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறோம். மாமா கீழ்வீட்டில் இருக்கிறார், எங்களுக்கு மாடி. தமிழில் பேச ஆரம்பித்ததும் பாதிக் கவலை போய்விட்டது.

ஆனால் கடவுச்சீட்டுகளைக் கொடுத்ததும் மாமா முகம் மாறியது. என்னுடையதில் என் அப்பாவின் பெயரும் என் பெயரும். கணவருடையதில் மாமனாரின் பெயரும் அவர் பெயரும். இரண்டிலும் பொதுவாக ஓர் எழுத்துக்கூட இல்லை. கணவர் பெயருக்கு என் கடவுச்சீட்டை நான் மாற்றவில்லை. நான் பெற்ற சான்றிதழ்கள் எல்லாம் அப்பா பெயரோடு இருக்கின்றன, மாற்றவும் எனக்கு விருப்பமில்லை.

"தப்பா எடுத்துக்காதம்மா. பேரு ரெண்டும் சேரவே இல்லையே..." என்று இழுத்தார்.

நான் பையிலிருந்து விவாகப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். கூடவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் பிரதியும். அவர் ஆங்கிலத்தைத் தொடவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பிரதியை விரலால் தொட்டுத் தொட்டு வாய்விட்டுப் படித்தார். "விவாக அத்தாட்சிப் பத்திரம்" என்ற இடத்தில் நின்று, உள்ளே பார்த்து, "இங்க வாயேன், சர்க்கார் பத்திரம் முழுக்கத் தமிழ்ல இருக்கு பாரு" என்று மாமியைக் கூப்பிட்டார். மாமி வந்து பார்த்துவிட்டு எங்களுக்குக் காப்பி போடப் போனார். இத்தனை வருடம் டெல்லியில் இருந்த ஒருவர் அந்தத் தாளைப் பிடித்திருந்த விதத்தை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த நாள், 13ஆம் தேதி, 11 மாத வாடகை ஒப்பந்தம் போட்டோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் இங்கே எல்லோரும் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள். இ-ஸ்டாம்ப் எனும் மின் முத்திரைத்தாளில் அடித்து நோட்டரி முத்திரை வாங்கினால் வேலை முடிந்தது. தட்டச்சுக் கடைக்காரர் வாடகைக்கு வருபவர் பெயரைக் கேட்டார். கணவர் தன் பெயரைச் சொன்னார். என் பெயரையும் போட வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் பெயரில் எடுத்த வீடு, நான் அவர் மனைவி, அதில் என்ன என்று இருந்துவிட்டோம். இந்த இடத்தில்தான் பிழை விட்டோம்.

மாமா செய்ய வேண்டியதும் ஒன்று இருந்தது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை அறிவிக்கும் படிவம் நிரப்ப வேண்டும். அப்போது அதற்குப் பெயர் சி படிவம். "அதெல்லாம் ஹோட்டல்காரங்களுக்குத்தானேம்மா?" என்றார். வீட்டுக்காரருக்கும் உண்டு என்று எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்திலேயே காட்டினேன். பல வீட்டுக்காரர்கள் இதைக் கேட்டதுமே பின்வாங்கிவிடுவார்கள், அதனால் முற்பணம் கொடுக்கும் முன்னரே பேசிவிடுங்கள். மாமா பின்வாங்கவில்லை. அன்று இரவு அவர் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, ஒவ்வொரு கட்டமாக நான் வாசிக்க அவரே அடித்தார். கடவுச்சீட்டு எண்ணை மூன்று தரம் சரிபார்த்தார். அலுவலகத்தில் கோப்பு பார்த்துப் பழகிய கை. இரண்டு பேருக்கும் தனித்தனிப் படிவம் என்றதும், "அதுவும் சரிதான்" என்று அடுத்ததைத் திறந்தார்.

பதிவு 2018இலிருந்து இணையத்தில்தான் நடக்கிறது, இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற தளத்தில். நேரில் வரச் சொன்னால் மட்டும் ஆர்.கே.புரம் செக்டர் 1இல் ஈஸ்ட் பிளாக் 8க்குப் போக வேண்டும். குறித்த நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை, தாமதமானால் அபராதம். கடவுச்சீட்டு, விசா, வந்திறங்கிய முத்திரைப் பக்கம், புகைப்படம், நாம் அங்கே படிக்கும் மாணவர்தான் என்று பல்கலைக்கழகம் தரும் போனஃபைட் சான்றிதழ், முகவரிச் சான்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி இரவு இரண்டு விண்ணப்பத்தையும் அனுப்பினோம். மறுநாள் சுதந்திர தினம், எல்லாம் பூட்டு.

16ஆம் தேதி காலை எனக்கு மட்டும் மின்னஞ்சல் வந்தது. இரண்டு கேள்விகள். ஒப்பந்தத்தில் விண்ணப்பதாரர் பெயர் இல்லை. போனஃபைட் சான்றிதழில் உள்ள பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை. பல்கலைக்கழகத்தில் அப்பாவின் பெயரை ஒரே முதலெழுத்தாகச் சுருக்கி எழுதியிருந்தார்கள். நம் வழக்கத்தில் அது பிழையே இல்லை, பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடவுச்சீட்டில் முழுப் பெயர் இருந்தால் எல்லாத் தாளிலும் முழுப் பெயர்தான் இருக்க வேண்டும்.

கணவர் என்னைப் பார்த்து, "என்னப்பா, யோசியாதே, நான் நோட்டரியிட்டப் போறன், நீ பல்கலைக்கழகத்துக்குப் போ" என்றார். அன்று ஒருவர் அழுதுகொண்டு இருக்க நேரமில்லை. அவர் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு பேர் பெயரும் சேர்த்துப் புது ஒப்பந்தம் போட்டார். நான் துறை அலுவலகத்தில் கடவுச்சீட்டுப் பக்கத்தின் ஜெராக்ஸை வைத்து (நம் ஊரில் ஃபோட்டோ காப்பி என்றால் புரியும், இங்கே ஜெராக்ஸ் என்றே கேளுங்கள்) எழுத்துக்கு எழுத்து அப்படியே வேண்டும் என்று நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து மாலை நான்கு மணிக்குக் கிடைத்தது. இரவே இரண்டையும் ஏற்றினோம்.

ஆக, இருவராக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வீடு ஒன்று, அடுப்பு ஒன்று என்றாலும் கோப்பு இரண்டு. ஒப்பந்தத்தில் இரண்டு பெயர், வீட்டுக்காரர் நிரப்பும் இரண்டு படிவம், இரண்டு மின்னஞ்சல், தமிழ் விவாகப் பத்திரத்துக்கு ஊரிலேயே செய்த மொழிபெயர்ப்பு. வீடு மாறினால் அதையும் அறிவிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1இலிருந்து புதிய குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருப்பதால், படிவங்களை நான் சொன்னபடி இல்லாமல் தளத்தில் அன்றைக்கு உள்ளபடி பாருங்கள்.

வங்கிக் கணக்கும் அப்படித்தான், இருவருக்கும் தனித்தனி என்.ஆர்.ஓ. கணக்கு, அதாவது இந்தியாவில் நிரந்தரமாக வசிக்காதவர்களுக்கான ரூபாய்க் கணக்கு. அது வரும் வரை கையில் இருந்த காசில்தான் ஓட்டினோம். 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று, ஒரு மேசை. பகலில் மேசை எனக்கு, இரவில் அவருக்கு. குத்தரிசி இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கேரளக் கடைகளில் மட்டை அரிசி என்று கேட்டால் கிட்டத்தட்ட அதே சிவப்பு, அதே மணம். தேங்காயும் அங்கேயே வாங்கிச் சம்பல் இடித்த அன்றுதான் எனக்கு இது வீடு என்று பட்டது.

கணவருடைய பதிவு அனுமதி முதலில் வந்தது. என்னுடையதற்கு இன்னும் நான்கு நாள். அந்த நான்கு நாளும் அம்மா இரவில் கூப்பிட்டு, "பதிஞ்சாச்சோ பிள்ளை?" என்று கேட்பார். ஐந்தாம் நாள் காலை மின்னஞ்சலில் என் முழுப் பெயரோடு வந்தது. அப்பாவின் பெயரில் ஓர் எழுத்தும் குறையவில்லை. அச்செடுத்துக் கீழே கொண்டுபோய் மாமாவிடம் காட்டினேன். வாங்கி முழுவதும் படித்துவிட்டு, "மலை மந்திர்ல முருகனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடுங்கோ, இங்கிருந்து கிட்டத்தான்" என்றார். அன்று மாலையே போனோம்.