போடி வீட்டுக் குறிப்புகள்

மே 4, 2024, சனி

காலையில் மாமா போன் பண்ணினார். போடியில் அம்மாச்சி வீட்டை ஆவணிக்குள் பிரித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப் போகிறாராம். ஓடு ஒழுகுகிறது, சுவர் உப்பரித்துப் போச்சு, வேறு வழியில்லை. அவர் சொல்வது சரிதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த வீட்டைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முழுப் பரீட்சை முடிந்ததும் மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலில்தான் போவோம். வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று மெல்லப் போகும். ஆண்டிபட்டிக் கணவாயில் இன்னும் மெதுவாகும். கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு மேற்கே மலை தெரிகிறதா என்று பார்ப்போம். தெரிந்துவிட்டால் ஊர் வந்துவிட்ட மாதிரி.

இந்தப் பாதையை 1928-இல் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போய், 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். "சண்டைக்குன்னு வெள்ளக்காரன் பேத்துட்டுப் போயிட்டான்த்தா" என்று அம்மாச்சி சொல்வாள். அகலப்பாதை வேலைக்காக 2010 கடைசியோடு மறுபடி நின்ற ரயில், போன வருஷம் ஜூனில்தான் போடி வரை திரும்ப வந்தது. அதைப் பார்க்க அவள் இல்லை.

மே 5, ஞாயிறு

திண்ணை, ஒரு பத்தி, ஒரு அடுப்படி, பின்னால் முருங்கை மரம். வீடு அவ்வளவுதான். பேரன் பேத்திகள் எல்லோரும் வந்துவிட்டால் ஆண்பிள்ளைகளுக்குத் திண்ணை, எங்களுக்குப் பத்தி. விடிவதற்கு முன்பே தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்கும். போடிமெட்டு வழியாக மலைத் தோட்டத்து வேலைக்கு ஆட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவார்கள்.

வயசுக்கு வந்த வருஷம் எனக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தாள். நடுவில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றி, கருப்பட்டியை நுணுக்கிப் போட்டு. "முழுங்குத்தா, இடுப்புக்குப் பலம்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ருசியை நான் எத்தனை முயன்றாலும் கொண்டுவர முடியவில்லை.

மே 8, புதன்

இதை எழுதத்தான் இத்தனை நாளாக மனசு அலைந்தது.

பாட்டி என்றாலே எல்லோரும் சமையலையும் கதையையும்தான் எழுதுகிறார்கள். நானும் களியில் ஆரம்பித்துவிட்டேன். ஆனால் என் அம்மாச்சி வேலைக்குப் போன மனுஷி. ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கினாள். மலையில் பறித்துக் காயவைத்த காய் மூட்டை மூட்டையாகப் போடிக்குத்தான் இறங்கும். ஒரு கிலோ காய்ந்த காய்க்கு ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும். அப்படி வந்ததைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சொளகில், அதாவது முறத்தில், கொட்டிப் பிரிப்பார்கள். பருமனான பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது, பூச்சி அரித்தது தனி. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவது என் வேலை. உள்ளே நுழைந்ததும் வாசம் மூக்கில் ஏறும், கண் லேசாக எரியும். அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். தலையைத் திருப்பிப் பக்கத்தில் இருப்பவரோடு பேசுவாள். விரல் மட்டும் காயைத் தடவிப் பார்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். தரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும் அவளுக்கு.

சாயங்காலம் வெளியே வரும்போது எல்லாப் பெண்களும் முந்தானையை உதறிக் காட்ட வேண்டும். ஒருநாள் அதை நான் பார்த்துவிட்டேன். அம்மாச்சி ஒன்றும் சொல்லாமல் உதறிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். வழியில் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தாள். வாழ்நாள் முழுக்க அவ்வளவு நாணயமாக இருந்தவளை அப்படி நிறுத்தியதை இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

மே 12, ஞாயிறு

தேனிப் பக்கத்து வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் எட்டு நாள் திருவிழா. அம்மாச்சி காலத்தில் தவறாமல் கூட்டிப்போவாள். முல்லையாற்றில் குளித்து, ஈரச்சேலையோடு தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருபவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்போம். அந்த எட்டு நாளில் ஒரு நாள் கூலியை அவள் விடுவாள். வருஷத்தில் அவள் தானாக எடுத்த லீவு அது ஒன்றுதான் என்று அம்மா சொல்கிறாள்.

மே 19, ஞாயிறு

அம்மாவோடு ரொம்ப நேரம் பேசினேன். அம்மாவின் டீச்சர் டிரெய்னிங் பீஸ் முழுக்கக் காய் பொறுக்கிய காசுதானாம். தாத்தா தவறிய பிறகு மாமா படிப்பும் அதில்தான். இதையெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் போடி போகிறோம். வீட்டைப் போட்டோ எடுக்க வேண்டும். அம்மாச்சியோடு ஒரே கடையில் உட்கார்ந்த அத்தை இன்னும் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கூலியை எப்படிக் கணக்குப் போட்டார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பொறுக்கினார்கள், முந்தானை உதறுவதை யாராவது எதிர்த்துக் கேட்டார்களா என்று அவரிடம் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். அம்மாச்சியின் சொளகு பரணில் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லி மாமாவிடம் சொல்லியாச்சு.